பின் இடது பெட்டி

படம் போடுவதற்கு முன் அவர் ஒருமுறை தரையில் குப்புறப் படுத்து எழுவார். டிவிக்குக் கீழ்த்தட்டில், ஸ்பீக்கர் பெட்டிகளுக்குச் சத்தத்தைப் பிரித்தனுப்பும் ரிசீவரின் முகப்பில் என்ன எழுத்து எரிகிறது என்று பார்க்கத்தான். ‘மல்டி சேனல்’ என்று இருந்தால் முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டு சோபாவுக்குப் போவார். ‘ஸ்டீரியோ’ என்று இருந்தால் அன்றைக்குக் கம்ப்யூட்டருக்கு அர்ச்சனைதான். “நேத்துதான் எல்லாப் பெட்டிக்கும் அனுப்புன்னு சொல்லி வச்சேன். அப்டேட் ஆனதும் மறந்துட்டு முன்னாடி ரெண்டுக்கு மட்டும் அனுப்புது. இதுக்கு மூளை இருக்குன்னு வேற சொல்றாங்க.”

அவருக்கு ஜெனரேட்டர் பழுது பார்க்கும் வேலை. எங்கள் குடியிருப்பில் ஜெனரேட்டர்காரர் என்றால்தான் தெரியும். நான் அவருக்கு மேல் வீடு. அவர் கூடத்தில் ஹெலிகாப்டர் பறந்தால் என் மேசையில் டம்ளர் நகரும். ஒருநாள் சண்டை போடத்தான் இறங்கிப் போனேன். என்னைச் சோபாவின் நடுவில் உட்கார வைத்து ஒரு மழைக்காட்சியைப் போட்டுவிட்டார். முதுகுக்குப் பின்னால் சொட்டுச் சொட்டாக விழ, என்னை அறியாமல் சட்டைக் காலரைத் தடவிப் பார்த்தேன். சண்டையை மறந்து, இன்னொரு தடவை போடுங்கள் என்று கேட்டுவிட்டு வந்தேன்.

மூடி கழற்றிய பழைய கம்ப்யூட்டர் ஒன்று. அதிலிருந்து ஒரே ஒரு கேபிள் ரிசீவருக்கு. ரிசீவரிலிருந்து முன்னால் மூன்று பெட்டிகள், பின்னால் இரண்டு, சாப்பாட்டு மேசைக்கு அடியில் தடதடக்க ஒரு பெரிய பேஸ் பெட்டி. கம்பளத்துக்கு அடியில் ஓடும் ஒயர்களை அடையாளம் காண மனைவியின் தையல் நூலைக் கட்டியிருக்கிறார். பின் இடதுக்குச் சிவப்பு, பின் வலதுக்குப் பச்சை. அந்த அம்மா வீட்டிலேயே துணி தைக்கிறவர். “என் நூல் எங்க போச்சுன்னு தேடினா பாதி இவர் தரைக்கடியில கிடக்கும்” என்பார். படம் ஓடும்போது சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்து பட்டன் தைப்பார். நடு இடம் எப்போதும் கணவருக்கு. எல்லாப் பெட்டியின் சத்தமும் வந்து சேருகிற இடம் அதுதானாம்.

அவர் தொழில் ஒரே விதியில் நடக்கிறது. “மாத்திப் போட்டுப் பாரு. கோளாறு சாமானோட கூடவே வந்தா, சாமான்ல கோளாறு. வராம அங்கயே நின்னா, இடத்துல கோளாறு.” இன்னொன்றும் உண்டு. ஓடுகிற இன்ஜினில் ஸ்க்ரூடிரைவரின் நுனியை வைத்து, பிடியை இடது காதில் அழுத்திக்கொள்வார். உள்ளே எந்தப் பாகம் தேய்கிறது என்று அந்தக் காது சொல்லிவிடும். கம்பெனியில் காதுக்கவசம் என்று ஒன்று கொடுத்திருக்கிறார்கள். அது வண்டிப் பெட்டியில் உறை பிரிக்காமல் கிடந்தது. “காதை மூடிக்கிட்டா இன்ஜின் யார்கிட்ட பேசும்?”

ஞாயிற்றுக்கிழமைகளில் பெட்டிகளைச் சோதிப்பார். கம்ப்யூட்டர் திரையில் ஒவ்வொரு பெட்டியின் படமும் இருக்கும். அமுக்கினால் அந்தந்தப் பெட்டி மட்டும் ‘கிர்ர்’ என்று இரையும். கண்ணை மூடிக்கொண்டு, சத்தம் வரும் பக்கம் கையை நீட்டுவார். கொஞ்ச காலத்துக்கு முன் ஒரு ஞாயிறு, பின் இடதை அமுக்கினால் வலது பக்கத்திலிருந்து லேசாக வருவதுபோல் இருந்திருக்கிறது. “பக்கத்து வீட்டுல யாரோ மூக்குச் சிந்துற மாதிரி.”

சிவப்பு நூல் ஒயரையும் பச்சை நூல் ஒயரையும் மாற்றிப் போட்டார். போகவில்லை. பெட்டிகளை இடம் மாற்றினார். கோளாறு இடது பக்கமே நின்றது. நண்பர் கடையிலிருந்து வேறு ரிசீவர் வந்தது. கம்ப்யூட்டரில் இருந்ததையெல்லாம் அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றினார். கூடம் முழுக்க ஒயர். மனைவி தாண்டித் தாண்டி நடந்தார்.

“எனக்கு நல்லாத்தாங்க கேக்குது.”

“நீ மெஷின் சத்தத்துலயே இருக்கிறவ. உனக்கு என்ன தெரியும்?”

கடைசியில் தீர்ப்புச் சொல்ல என்னைக் கூப்பிட்டார். “சார், நீங்க சொல்லுங்க. எந்தப் பக்கம் வருது?” பெட்டி என் இடது பிடரியில் சுள்ளென்று இரைந்தது. அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, அந்த அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன்.

அந்த அம்மா நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். “ஒண்ணு மட்டும் நீங்க இன்னும் மாத்திப் போட்டுப் பாக்கலீங்க.”

“எதை?”

எழுந்துபோய், சாப்பாட்டு மேசையிலிருந்து ஒரு நாற்காலியை இழுத்து வந்து கூடத்தின் நடுவில் போட்டார். டிவிக்கு முதுகைக் காட்டி. “உக்காருங்க.” அவர் உட்கார்ந்தார். அந்த அம்மாவே மௌஸை எடுத்தார். பின் இடது பெட்டி இப்போது அவருக்கு வலப்பக்கம். கணீரென்று கேட்டது அவர் முகத்திலேயே தெரிந்தது. அடுத்து, இத்தனை நாளும் ஒழுங்காக இருந்த பின் வலது. அதை அமுக்கியதும் முகம் தேடத் தொடங்கியது. இன்னொரு முறை அமுக்கச் சொன்னார். அதற்கப்புறம் அமுக்கச் சொல்லவில்லை.

“கூடவே வந்துடுச்சு” என்றார் மெதுவாக.

மனைவிக்கு முன்னமே தெரிந்திருக்கிறது. இடது பக்கம் நின்று கூப்பிட்டால் அவர் திரும்புவதில்லை, போனை வலது காதுக்கு மாற்றிவிட்டார் என்பதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். “அந்தக் காதை நம்பித்தானே வேலைக்குப் போறார். நான் எந்த வாயால சொல்றது?” என்று படியில் நின்று என்னிடம் சொன்னார்.

போனது திரும்பாது, மிச்சத்தையாவது காப்பாற்றிக்கொள்ளுங்கள் என்று காது டாக்டர் சொல்லிவிட்டார். இப்போது வேலைக்குப் போகும்போது கழுத்தில் மஞ்சள் கவசம் தொங்குகிறது. ஸ்க்ரூடிரைவரை வலது காதுக்குப் பழக்குகிறார். “இது இன்னும் மக்கு சார். எல்லா இன்ஜினும் ஒரே மாதிரி இருக்குங்குது.” சிரித்துக்கொண்டேதான் சொன்னார். கண் சிரிக்கவில்லை.

போன ஞாயிறு நானும் படம் பார்க்கப் போயிருந்தேன். தரையில் குப்புறப் படுத்து எழுந்தார். எழுத்து சரியாக இருந்தது. ஆனால் சோபாவின் நடுவில் அவர் உட்காரவில்லை. மனைவியை அங்கே உட்கார வைத்துவிட்டு, வலது காது அந்த அம்மா பக்கம் இருக்கும்படி இடது ஓரத்துக்குப் போய்விட்டார். படத்தில் ஒருத்தி காலி வீட்டில் தனியாக நிற்கிறாள். எங்கள் பின்னால், இடது பக்கம், ஒரு கதவு கிரீச்சிட்டுத் திறந்தது. பட்டன் தைத்துக்கொண்டிருந்த அந்த அம்மா ஊசியை நிறுத்திவிட்டுச் சட்டென்று அந்தப் பக்கம் திரும்பினார். ஜெனரேட்டர்காரர் திரையைப் பார்க்கவே இல்லை, மனைவியின் முகத்தையேதான் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகம் திரும்பியதும் அவரும் திரும்பி, அலமாரி மேலிருந்த, சிவப்பு நூல் ஒயர் போகும் பின் இடது பெட்டியைப் பார்த்து, சரி என்பதுபோல் தலையாட்டினார்.