சத்தமில்லாத வளையல்கள்

எங்கள் வீட்டில் யாரும் நகை போடுவதில்லை. அப்பாவும் அம்மாவும் மிஷன் பள்ளி ஆசிரியர்கள். ஆண்டவர் ஒழுங்காகப் படைத்த காதில் நாம் எதற்கு ஓட்டை போட வேண்டும் என்று கேட்கிறவள் என் அம்மா. அவளுக்குப் பிறந்த நான், அறுபதுகளின் தொடக்கத்தில் அச்சங்குளத்தில் ஆசிரியையாக இருந்தபோது, சுற்றுவட்டாரத்துப் பெண்களுக்கெல்லாம் வளையல் செய்து கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒருமுறை வந்து பார்த்த அம்மா, "நூல்தானே, பாவமில்லை" என்று தானே தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போனாள்.

எல்லாம் வெடிக் கம்பெனியால் வந்த வினை. வெடிமருந்து புழங்கும் இடத்தில் உலோகம் உரசக் கூடாது, பொறி பறந்துவிடும். அதனால் வேலைக்குப் போகும் பெண்கள் கொலுசு, மெட்டி, தோடு, கொண்டை ஊசி எதுவும் போடக் கூடாது. கண்ணாடி வளையலும் ஆகாது. உடைந்த சில்லு மருந்தில் விழுந்தால் அதுவும் உரசும். காலையில் அவர்கள் என் பள்ளிக்கூடத்தைத் தாண்டிப் போவார்கள். காதுத் துளை தூர்ந்துபோகாமல் இருக்க வேப்பங்குச்சி செருகியிருப்பார்கள், கை வெறுங்கையாக இருக்கும். கல்யாணமாகி மஞ்சள் வாடாத பெண்கூட அப்படித்தான் போவாள். விதி நியாயமானதுதான், மறுக்கவில்லை. இருந்தாலும் எனக்கு எரிச்சலாக வந்தது. நகை வேண்டாம் என்று நாமாகச் சொல்வது வேறு, வாசலில் நின்று ஒருவர் கழற்றச் சொல்வது வேறு.

என்னிடம் காலால் மிதிக்கும் தையல் மெஷின் ஒன்று இருந்தது. அதிலேயே பூ வேலை செய்யப் பயிற்சிப் பள்ளியில் கற்றிருந்தேன். துணியை அமுக்கிப் பிடிக்கும் பாதத்தைக் கழற்றிவிட்டு, அடியில் துணியைத் தள்ளும் பற்களை மூடிவிட்டு, வட்டச் சட்டத்தில் இழுத்து மாட்டிய துணியைக் கையாலேயே நகர்த்த வேண்டும். ஊசி நின்ற இடத்தில் ஏறி இறங்கும், துணிதான் சுற்றிச் சுற்றி வரும். கொஞ்சம் அசந்தால் விரலில் இறங்கும். எனக்கு இறங்கியிருக்கிறது. கைக்குட்டை மூலையில் ரோஜா, தலையணை உறையில் ஜோடிக் கிளி, கிறிஸ்துமஸ் மரத்தில் தொங்கவிட நட்சத்திரம் என்று எதையாவது தைத்து யாருக்காவது கொடுத்துக்கொண்டே இருப்பேன். வாங்கினவர்கள் அதைப் பத்திரமாகப் பெட்டியில் வைத்துப் பூட்டுவார்கள். அழுக்காகிவிடுமாம். அதற்காக நான் பலரோடு சண்டை போட்டிருக்கிறேன்.

அந்த எரிச்சலில்தான் முதல் வளையலைத் தைத்தேன். பருத்தித் துணிப் பட்டையில் சிவப்பும் பச்சையுமாகக் கொடி ஓட்டி, நனைத்து வளைத்த பனை ஈர்க்கின் மேல் சுற்றி, விளிம்பைக் கையால் மூடினேன். கம்பெனி போர்மேன் அதை வாங்கி இழுத்துப் பார்த்தார், மோந்துகூடப் பார்த்தார். "பஞ்சுதான? போட்டுட்டுப் போகட்டும்" என்று விட்டுவிட்டார். பிறகு என் வீட்டு வாசலில் கூட்டம்தான். இதையாவது பெட்டியில் பூட்டாமல் கையில் போட்டார்களே என்று எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது.

அடுத்த வீட்டுப் பெண்ணும் அந்தக் கம்பெனியில்தான் வேலை பார்த்தாள். என் வீட்டுக்கும் அவள் வீட்டுக்கும் ஒரே சுவர். கணவன் விருதுநகர் மிளகாய் வத்தல் கிட்டங்கியில் மூட்டை தூக்கினான், சனிக்கிழமைகளில்தான் வீட்டுக்கு வருவான். அந்த வருஷம் அவள் மூன்றாவது முறையாக உண்டாகியிருந்தாள். முதல் பிள்ளை வயிற்றில் தங்கவில்லை. இரண்டாவது பிள்ளை மாதம் நிறைந்து பிறந்தது, ஆனால் அழவே இல்லை. அந்த இரண்டாவது பிள்ளைக்கு வளைகாப்புப் போட்ட பிறகும், காலையில் கம்பெனி வாசலில் வளையலைக் கழற்றி மாலையில் மாட்டிக்கொண்டிருந்தாள். பூட்டிய வளையலைப் பிள்ளை பிறக்கும்வரை கழற்றக் கூடாது என்பது அவர்கள் வழக்கம். கழற்றியதால்தான் பிள்ளை போயிற்று என்று அவளும் நம்பினாள், அவள் மாமியாரும் நம்பினாள். இந்த முறையும் வேலையை விட முடியாது. மழை பொய்த்த வருஷம், தீபாவளிச் சீசன் வேறு.

"அக்கா, எனக்கு நூல்லயே வளைகாப்பு வளையல் தச்சுத் தாங்களேன். கழட்டாமயே உள்ள போவேன்ல" என்று வந்து நின்றாள்.

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. அதை அவளிடம் சொல்ல வாயெடுத்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் கையை நீட்டச் சொல்லி அளவெடுத்தேன். அந்த வாரம் முழுக்க இரண்டு கைக்கும் தைத்தேன். என் வாழ்நாளில் அவ்வளவு நுணுக்கமாக வேறெதையும் தைத்ததில்லை. மாங்காய், மல்லிகை, ஒன்றில் சின்னத் தொட்டில்கூட இருந்தது.

ஆவணியில் ஏழாம் மாதம் பிறந்ததும் வளைகாப்பு வைத்தார்கள். மாமியார் ஒரு வளையலை எடுத்துக் காதோரம் ஆட்டிப் பார்த்தாள்.

"அழகாத்தான் தச்சிருக்கீக டீச்சரம்மா. ஆனா சத்தத்தைக் காணமே. வெளிய நமக்கு ஆளு இருக்குன்னு உள்ள இருக்க புள்ளைக்குத் தெரிய வேண்டாமா? சத்தம் கேட்டாத்தான அதுக்கு வரப் பிரியம் வரும்."

அந்தப் பெண்ணின் முகம் சுருங்கிவிட்டது. எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. கோபம் வந்தால் நான் எதையாவது செய்து காட்டாமல் விடமாட்டேன். அவள் கணவன் கிட்டங்கியிலிருந்து குண்டு வத்தல் கொண்டுவந்திருந்தான். நன்றாகக் காய்ந்த குண்டு வத்தலைக் காதருகில் ஆட்டினால் உள்ளே விதை கலகலக்கும், வியாபாரிகள் அப்படித்தான் பதம் பார்ப்பார்கள். பொறுக்கியெடுத்து, ஒவ்வொன்றுக்கும் சின்னப் பூவுறை தைத்துப் போட்டு, சலங்கை மாதிரி வளையலில் தொங்கவிட்டேன். மெல்லிசாகச் சத்தம் வந்தது. கண்ணேறும் கழியும் என்று மாமியாருக்கும் பரம திருப்தி.

மறுநாள் மத்தியானமே அவளைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஆவணி வெயிலில் வேர்த்து, உறையெல்லாம் நனைந்து, காரம் இறங்கி மணிக்கட்டு பழுத்துப்போயிருந்தது. அந்தக் கையால் கண்ணை வேறு துடைத்திருக்கிறாள். போதாததற்குப் பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாரும் தும்ம ஆரம்பித்திருக்கிறார்கள். போர்மேன் என்னைத் தேடிப் பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டார்.

"வளையலை நான் ஒண்ணும் சொல்லலே டீச்சர். மருந்து அள்ளுற எடத்துல வரிசையாத் தும்முனா நாங்க எங்கன போறது?"

பள்ளி விட்டதும் அவள் வீட்டுக்கு ஓடினேன். அவள் கையில் மோர் ஊற்றிக் கழுவினேன், வளையலைக் கழற்றாமல் வத்தலை மட்டும் ஒவ்வொன்றாக வெட்டியெடுத்தேன். சத்தம் போய்விட்டது. "போகட்டும்க்கா, கையிலயாச்சும் கெடக்கே" என்றாள். குரலில் உறுதி இல்லை. அன்றிலிருந்து எனக்கும் பயம் பிடித்துக்கொண்டது. நம்பிக்கை இல்லாதவளுக்குப் பயம் மட்டும் எப்படி வந்தது என்று தெரியவில்லை. அவளுக்காக ஜெபம் செய்தேன். ஜெபத்தில் வளையலைப் பற்றி என்ன சொல்வது என்று தெரியாமல் விட்டுவிட்டேன்.

வேலை விட்டு வந்ததும் அவள் என் வீட்டுக்கு வந்துவிடுவாள். நான் தைக்கும்போது மெஷின் பலகையை ஒட்டி உட்கார்ந்து, வயிற்றை அதில் அணைத்தாற்போலச் சாய்ந்துகொள்வாள். அந்த அதிர்வு இடுப்பு வலிக்கு இதமாக இருக்கிறதாம். எண்ணெய்க் கறை ஆகும், தள்ளி உட்கார் என்று எத்தனையோ தடவை திட்டியிருக்கிறேன். கேட்கமாட்டாள். வெளிச்சம் இருக்கும்வரை நான் தைப்பேன், அவள் அப்படியே கண்ணை மூடிக்கொண்டு இருப்பாள்.

ஐப்பசியில் பேறுகாலத்துக்கு வெம்பக்கோட்டையில் இருந்த அவள் அக்கா வீட்டுக்குப் போனாள். பெண் குழந்தை என்றும் பிறந்ததுமே வீறிட்டு அழுதது என்றும் சேதி வந்தபோது வகுப்பில் இருந்தேன். கரும்பலகையைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு, எழுதியதையே மறுபடியும் எழுதினேன்.

மார்கழி பிறப்பதற்குக் கொஞ்சம் முன்னால் குழந்தையோடு வந்தாள். வந்த சாயங்காலமே அழுகை. சுவர் தாண்டிக் கேட்கிற அழுகை. ஓமத் தண்ணீர் கொடுத்தார்கள், வசம்பு உரைத்துப் போட்டார்கள். மருமகள் கை நிறைய மாமியார் புதுக் கண்ணாடி வளையல் வாங்கிப் போட்டிருந்தாள். அவள் அதைக் குலுக்கக் குலுக்கக் குழந்தை இன்னும் அழுதது. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் கிறிஸ்துமஸ் நட்சத்திரம் தைக்க உட்கார்ந்திருந்த எனக்குக் காதைப் பொத்திக்கொள்ளலாம் போல இருந்தது. என் வேலையையாவது பார்ப்போம் என்று மெஷினை மிதித்தேன்.

அழுகை நின்றது.

நூல் அறுந்ததால் நிறுத்தினேன். மறுபடியும் அழுகை. ஊசியில் நூல் கோத்து மிதித்தேன், நின்றது. தற்செயல் என்றுதான் நினைத்தேன். வேண்டுமென்றே நிறுத்திப் பார்த்தேன். அழுதது.

வாசலில் மாமியார் நின்றாள், கையில் குழந்தை. பின்னால் மருமகள். மூன்று பேரும் வந்து மெஷின் பலகையை ஒட்டி, அவள் எப்போதும் உட்காரும் அதே இடத்தில் உட்கார்ந்தார்கள். நான் மிதித்தேன். குழந்தை வாயைச் சப்பிவிட்டு, சத்தம் வந்த பக்கம் தலையைத் திருப்பி, அப்படியே அடங்கியது. மாமியார் அதன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"புள்ளைக்குக் கேட்டிருக்கு தாயி" என்றாள். "நிறுத்திராதீக."

அந்தப் பெண் அழுதாள். நானும் அழுதேன், மறைக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அடிநூல் தீர்ந்துபோய், நட்சத்திரத்தின் மேல் ஊசி வெறுமனே குத்திக்கொண்டு போனது. தெரிந்தும் குழந்தை தூங்கும்வரை மிதித்துக்கொண்டே இருந்தேன்.