சோசர் இல்லாத வீடு

கோஸ்டர் என்றால் என்னவென்று எங்கள் சொந்தத்தில் ஒருவருக்கும் தெரியாது. கிளாஸையோ கோப்பையையோ வைப்பதற்காக மேசைமேல் போடும் சின்ன வட்டத் தட்டு என்று விளக்கி முடிப்பதற்குள் எனக்கே சலித்துப் போகும். ஒரு கல்யாண வீட்டில் என் வீட்டுக்காரர், "இவ இப்ப கோஸ்டருக்குப் பெயின்ட் அடிக்கிறா" என்று பெருமையாகச் சொல்லிவிட்டார். பக்கத்திலிருந்த மச்சான், "அட, யாரு பஸ்ஸுக்கு? கம்பளை ரூட்டா?" என்றான். இங்கே கோஸ்டர் என்றால் சின்ன பஸ். சாப்பாடு முடியும்வரை என்னைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும்.

எங்கள் வீடுகளில் டம்ளர் கையில் இருக்கும், குடித்து முடித்தால் கழுவப் போய்விடும். நடுவில் அதை வைக்க ஒரு தட்டு எதற்கு? எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் மூடி. யாருக்காவது தேத்தண்ணி கொடுத்தால் மேலே ஒரு சோசரை, அதுதான் கோப்பையோடு வரும் சின்னத் தட்டை, வைத்து மூடிக் கொடுப்போம். ஆறாது, ஈயும் விழாது. நாத்தனார் புது வீட்டுக்குக் குடிபோனபோது, யானை வரைந்த கோஸ்டர் ஆறு பரிசாகக் கொடுத்தேன். ஒரு மாதம் கழித்துப் போனால் யானைகள் செம்புகளின்மேலும் டம்ளர்களின்மேலும் ஏறி உட்கார்ந்திருந்தன. "நல்ல மூடி அண்ணி, கனமா இருக்கு, காத்துக்குப் பறக்காது" என்றாள். அவளிடம் என்னத்தைச் சொல்வது? "அதுக்குத்தானே செஞ்சேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

நான் பிலிமத்தலாவையில் ஒரு புடவைக் கடையில் நிற்கிறேன். வேலை செய்கிறேன் என்று சொல்வதைவிட நிற்கிறேன் என்பதுதான் உண்மை. காலை ஒன்பதிலிருந்து மாலை ஆறரை வரை உட்காரக் கதிரை கிடையாது. ஆட்கள் வராத நேரத்திலும் உட்காரக்கூடாது, முதலாளி கெமராவில் பார்த்துக்கொண்டிருப்பார். கெண்டைக்கால் நரம்பெல்லாம் நீலமாகச் சுருண்டு கிடக்கிறது. கம்பளைக்கு வந்து சேர்ந்து, நாற்பத்திரண்டு படி ஏறி வீட்டுக்குள் நுழையும்போது, செருப்பைக் கழற்றக் குனியக்கூட மனசு வராது.

அதன் பிறகுதான் கோஸ்டர். மர ஆலையில் வெட்டிக் கழித்த வட்டத் துண்டுகளை வாங்கி, மணல்தாளால் தேய்த்து, வெள்ளை பூசி, படம் வரைந்து, மூன்று தரம் வார்னிஷ் அடிக்க வேண்டும். நம்முடைய ஊர் மழைக்கு வார்னிஷ் காய்ந்தால்தானே! ஒரு நாளில் காய வேண்டியது மூன்று நாள் பிசுபிசுக்கும். காற்றாடிக்கு முன்னால் வரிசையாக வைத்துவிட்டு, நாங்கள் இரண்டு பேரும் வேர்த்துக்கொண்டு படுத்திருப்போம்.

வீட்டுக்காரர் தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து காய வைக்கும் அறையில் இருந்தவர். தூசி நெஞ்சில் ஏறி மூச்சு வாங்கத் தொடங்கிய பிறகு வீட்டோடு இருக்கிறார். சமையல் அவர் கையில். தேத்தண்ணி ஆறிப்போவதைக் கண்டால் அவருக்குப் பொறுக்காது. நான் வரைய உட்கார்ந்தால் பக்கத்தில் கொண்டுவந்து வைப்பார். தூரிகையைக் கீழே வைக்க மனமில்லாமல் இருந்துவிடுவேன். ஆடை படர்ந்த பிறகு எடுத்துப் போய் ஊற்றிவிட்டு, மறுபடியும் போட்டுக் கொண்டுவருவார். "பச்சக் கொழுந்தத் தின்னுட்டுத் தண்ணியக் குடி, ஆறின தேத்தண்ணிக்கு அது ஒண்ணும் கொறச்சல் இல்ல" என்பார். அவ்வளவுதான் அவருடைய கோபம்.

போன மழைக்காலத்தில், என் கோஸ்டரை எங்கேயோ பார்த்துவிட்டு, அலவத்துகொடையிலிருந்து ஒரு அம்மா போன் பண்ணினார். வெளிநாட்டுக்காரர்கள் வந்து தங்கும் வீடு ஒன்றைப் புதிதாகத் திறக்கிறார். "அக்கா, யானை, மயில், மனிசர் ஒண்டும் வேணாம். எங்கட வீட்டுல உருவம் வைக்க மாட்டோம். பூவும் கொடியுமாப் போட்டுத் தாங்க" என்றார். ஆறு ஆறாக நாலு செட். திருத்தமாக இருந்தால் அவருடைய தம்பிமார் நடத்தும் மற்ற மூன்று வீடுகளுக்கும், பிறகு மாதாமாதம் விற்பனைக்கும் என்னிடமே எடுப்பதாகச் சொன்னார். அது நடந்தால் கடையை விட்டுவிடலாம். வீட்டில் உட்கார்ந்து வேலை செய்யலாம். உட்கார்ந்து! எனக்கு வேறெதுவும் பெரிதாகத் தோன்றவில்லை.

யானையைத் தூக்கக் கலக்கத்திலும் வரைந்துவிடுவேன், மிளகுக் கொடி அப்படி வராது. நாலாவது செட்டில் ஒரே கொடி ஆறு வட்டத்திலும் தொடர்ந்து ஓடுவதுபோல் வரைந்தேன். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒன்றில் விட்ட தண்டு அடுத்ததில் பிடிக்கும். இலைப் பச்சையில் மட்டும் ஆறு விதம் கலக்க வேண்டியிருந்தது. பெயின்ட் கலக்க ஒவ்வொரு சோசராக அடுக்களையிலிருந்து எடுத்துக்கொண்டே இருந்தேன்.

பௌர்ணமி விடுமுறையான போயா அன்று கடை மூடல். பின்னேரம் கொண்டுவந்து தருவதாக அந்த அம்மாவிடம் சொல்லியிருந்தேன். மிளகுக் கொடிக்கு முந்தின நாள் விடியற்காலையில்தான் கடைசி வார்னிஷ் பூசியிருந்தேன், இன்னும் லேசாகப் பிசுபிசுத்தது. குளித்துவிட்டு, கட்டிக் கொடுக்கக் கடதாசி தேடி அறைக்குப் போய்த் திரும்பி வந்து எண்ணினால் ஐந்துதான் இருந்தன.

ஆறாவது என் தேத்தண்ணி டம்ளரின்மேல் இருந்தது.

எடுத்துப் பார்த்தேன். படம் கீழ்ப்பக்கமாக இருந்திருக்கிறது. ஆவி பட்டு, ஈர வார்னிஷ் பால் நிறமாகப் பூத்து, டம்ளர் வாய் அளவுக்கு வெள்ளை வளையம் விழுந்து, கொடி நடுவில் காணாமல் போயிருந்தது. அவர் அடுக்களை வாசலில் துடைக்கும் துணியோடு நின்றார்.

"ஆறிப் போயிருமேன்னு மூடுனேன்" என்றார்.

"கண்ணு அவிஞ்சா போச்சு? ஒரு நாளைக்கு நின்னு பாருங்க அந்தக் கடையில! வேல வெட்டி இல்லாம வீட்டுல இருக்கிறவங்களுக்கு அடுத்தவ படுற பாடு எங்க தெரியப் போகுது?"

சொன்ன வாயை அப்போதே தைத்திருக்க வேண்டும். அவர் துணியை நாலாக மடித்து மேசையில் வைத்துவிட்டு வெளியே போனார். படியில் உட்கார்ந்து இருமுவது கேட்டது. நானாவது கூப்பிட்டிருக்கலாம், கூப்பிடவில்லை. கோஸ்டரைத் துடைத்துப் பார்த்தேன், விசிறிப் பார்த்தேன். வளையம் அப்படியே இருந்தது.

அலவத்துகொடையில் அந்த அம்மா எல்லாவற்றையும் மேசையில் பரப்பிப் பார்த்தார். "மாஷா அல்லாஹ், நல்லா இரிக்கி அக்கா." மிளகுக் கொடியில் கை நின்றது. நடந்ததைச் சொன்னேன். சிரித்தார். "எங்கட உம்மாவும் இப்பிடித்தான், கண்டதெல்லாம் மூடியாக்குவாங்க." அப்புறம் மூன்று செட்டை எடுத்துக்கொண்டு நாலாவதை மெதுவாக என் பக்கம் தள்ளினார். மற்ற வீடுகளைப் பற்றிக் கேட்டேன். "பொறவு பார்ப்பமே அக்கா" என்றார். புடவைக் கடையில் நிற்கிறவளுக்கு அந்தச் சொல்லின் அர்த்தம் தெரியாதா? நாளுக்கு இருபது தரம் கேட்கிறேன்.

திரும்பும்போது கட்டுகஸ்தோட்டையிலிருந்து கண்டி வரை பஸ்ஸில் நின்றுகொண்டுதான் வந்தேன். அழுகை வரவில்லை, அதற்கும் தெம்பு வேண்டும். வீட்டுக்கு வந்ததும் தண்ணீர் குடிக்க அடுக்களைக்குள் போனேன். சோசர் அடுக்கும் தட்டு வெறுமையாக இருந்தது. ஒன்றுகூட இல்லை. ஆறும் என் மேசைக்குக் கீழே, பச்சை பச்சையாகப் பெயின்ட் காய்ந்து கிடந்தன. மனுஷன் மூடிக்கு எங்கே போவார்?

அவர் பத்திரிகையைப் பிடித்துக்கொண்டு முன்னறையில் இருந்தார். நான் சோசர்களை எடுத்துக்கொண்டு குழாயடியில் உட்கார்ந்தேன். பெயின்ட் ஊறியதும் தோல் தோலாக உரிந்து வந்தது. விளிம்புப் பூ வேலைக்குள் ஏறிய பச்சை மட்டும் போகவில்லை. ஆறையும் கழுவித் தட்டில் அடுக்கினேன்.

மறுநாள் காலை கடைக்குப் புறப்பட்டுக்கொண்டிருக்கும்போது தேத்தண்ணி கொண்டுவந்தார். திறந்தபடி இருந்தது. வைத்துவிட்டுக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

"மூடலையா?" என்றேன்.

"எதுக்கு வம்பு? நீ குடிச்சிட்டுப் போ."

அடுக்களைக்குப் போய் ஒரு சோசரை எடுத்துவந்து அவர் கையில் கொடுத்தேன். விளிம்பிலிருந்த பச்சையைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார். பிறகு, குடிக்க நான் முன்னாலேயே நிற்கிறேன் என்பதையும் யோசிக்காமல், டம்ளரை மூடிவிட்டுப் போனார். கதிரையை இழுத்து உட்கார்ந்தேன். மூடியைத் திறந்து, சுடச்சுடக் குடித்தேன். கடைக்குப் பிடிக்க வேண்டிய எட்டு மணி பஸ் போய்விட்டது.