பி.டி. என்று எழுதிய சீட்டு

பழைய கேம் பெட்டி ரிப்பேர் செய்கிற கடையில் ரிப்பேர் பத்து நிமிஷம்தான், மிச்ச நேரமெல்லாம் நாற்பது வயது ஆட்களின் சின்ன வயசைக் கீழே போட்டு உடைக்காமல் வைத்திருப்பதுதான் வேலை. நான் ஒன்றை உடைத்துவிட்டேன். கவுண்டருக்குப் பின்னால் நின்று, ஒரு வாடிக்கையாளர் வரப்போகிற நாளுக்குப் பயந்த யாருக்கும் இது புரியும்.

எங்கள் கடை தீவில், ஆயர் ஈத்தாம் சந்தைக்குப் பின்னால் இருக்கிறது. ஒரு காலத்தில் சைபர் கஃபே. முதலாளி ஹமீது அண்ணே வரிசையாகக் கம்ப்யூட்டர் போட்டிருந்தாராம், இடம் கிடைக்காமல் பையன்கள் வாசலில் நிற்பார்களாம். இப்போது இரண்டு கம்ப்யூட்டர், ஒரு குண்டு டிவி, நான். பதினேழு வயதில் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் படிவம் முடிந்ததும் போதும் என்று வந்துவிட்டேன். கூடப் படித்தவர்கள் காலேஜ் படமாகப் போட்டுத் தள்ளுகிறார்கள். பார்க்காமல் இருக்கத்தான் முயற்சி செய்கிறேன்.

திங்கட்கிழமை வந்தவர்

சேகர் அண்ணே பாலத்துக்கு அந்தப் பக்கம் பிறை என்கிற ஊரில் ஃபேக்டரி சூப்பர்வைசர். ஒரு கேம் கேசட்டைக் கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுவந்தார். திரை அடிக்கடி ஆடுகிறதாம். டிவியில் போட்டுப் பார்த்தோம். அந்தக் கால கேம், மூன்று பேர் விளையாடியதைச் சேமிக்க மூன்று வரி. முதல் வரி அவருடையது, இரண்டாவது அவர் தம்பி மணியுடையது, மூன்றாவது காலி. இரண்டாவது வரியில் இருந்த பெயரைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

விஷயம் இதுதான். சின்ன வயதில் தன் கேமை அண்ணன் அழித்துவிட்டான் என்று மணி நம்பினார். இரண்டு பேரும் பெரிய ஆளாகி, அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது யார் பார்த்துக்கொண்டது என்று சண்டை போட்ட அன்றும் முதல் வார்த்தை அந்த கேம்தானாம். வீட்டைச் சுத்தம் செய்தபோது இந்தக் கேசட் கிடைத்திருக்கிறது. அழியவே இல்லை. கவுண்டரில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு சொன்னார்: "அவன் எங்கிட்ட பேசி நாலு வருஷம் ஆச்சு தங்கச்சி. சனிக்கிழமை வந்து எடுத்துக்கிறேன், ஞாயித்துக்கிழமை கொண்டுபோய் அவன் கண்ணுல காட்டணும்."

செவ்வாய், பத்தரை மணி

வேலைச் சீட்டை ஹமீது அண்ணேதான் எழுதுவார், எல்லாம் சுருக்கெழுத்து. அந்தக் கேசட்டின் சீட்டில் 'பி.டி.' என்று இருந்தது. மலாயில் பத்தெரி துக்கார், அதாவது பேட்டரி மாத்து என்று படித்தேன். கேசட்டைத் திறந்தால் உள்ளே பட்டன் மாதிரி ஒரு பேட்டரி. பழையதை எடுத்தேன், புதியதை ஈயம் வைத்து ஒட்டினேன், சுத்தமான வேலை. எனக்கே பெருமையாக இருந்தது.

டிவியில் போட்டேன். முதல் வரி காலி. இரண்டாவது காலி. மூன்றாவதும் காலி.

அந்தப் பேட்டரிதான் இத்தனை வருஷம் அந்த கேமைப் பிடித்துக்கொண்டிருந்தது. மின்சாரம் ஒரு நொடி விட்டுப்போனாலும் எல்லாம் போய்விடும். அது எனக்கு அப்போதுதான் உறைத்தது. திரும்பப் போட்டேன், ஊதினேன், துடைத்தேன், இன்னொரு பெட்டியில் செருகினேன். காலி என்றால் காலிதான். கேசட்டும் கையுமாக நிற்கும்போது ஹமீது அண்ணே டவுனில் இருந்து போன் செய்தார்: "அந்த சேகர் கேசட்டை பத்திரமா வை லா, அந்த ஆளு மூஞ்சியப் பார்த்தா எனக்கே பாவமா இருக்கு."

பெஸ்ட் ஃப்ரெண்ட் யார்?

புதன்கிழமை ஒரு அக்கா வந்தார், வங்கி வேலை போல, கழுத்தில் அட்டை தொங்கியது. பள்ளிக்கூட நாளில் திறந்த ஈமெயிலுக்குள் போக வேண்டுமாம். பழைய கடிதமெல்லாம் அதில் இருக்கிறது. பாஸ்வேர்ட் மறந்துவிட்டது. கம்ப்யூட்டர் ரகசியக் கேள்வி கேட்டது: உன் பெஸ்ட் ஃப்ரெண்ட் யார்?

ஒரு பெயர் அடித்தார், தப்பு. இன்னொன்று, தப்பு. நான்காவது தப்பிலேயே எனக்குப் பொறுமை போய்விட்டது. "அக்கா, பதினஞ்சு வயசுல யார்கூட ரொம்ப ஒட்டிக்கிட்டு இருந்தீங்க, அதைப் போடுங்க" என்றேன். கழுத்து அட்டையைத் திருப்பிப் போட்டார். பிறகு ஒரு விரலால் மெதுவாக ஒரு பெயரை அடித்தார். திறந்தது. நான் கை தட்டப் போனேன், அவர் திரையைப் பார்க்காமல் பையை மூடிக்கொண்டிருந்தார். "அவ பேருதான்னு முதல்லயே தெரியும் தங்கச்சி, வேற யாராச்சும் இருக்கக் கூடாதான்னு பார்த்தேன்."

மூன்று உயிர்

வியாழக்கிழமை ஒரு அப்பா, ஒன்பது வயது மகனோடு. "நாங்க விளையாண்டது எவ்வளவு சிம்பிள் பாரு, ரெண்டே பட்டன்" என்று அவனைக் குண்டு டிவி முன்னால் உட்கார வைத்தார். பையன் ஒரு குழியில் விழுந்தான், இன்னொரு குழியில் விழுந்தான், மூன்றாவதில் விழுந்ததும் ஆட்டம் முடிந்தது. விளம்பரம் பார்த்தால் உயிர் கிடைக்குமா என்று கேட்டான். கிடைக்காது, முதலிலிருந்துதான் என்று அப்பா சந்தோஷமாகச் சொன்னார்.

எனக்கு அந்தக் கால ஆட்களைப் பார்த்தால் கொஞ்சம் பொறாமை உண்டு. பெட்டியை அணைத்தால் அணைந்தது. இப்போது மாதிரி யாரும் பின்னாலேயே வந்து இணையத்தில் ஒரே ஒரு நட்சத்திரம் போட்டு, கடை பெயரையும் சேர்த்து எழுத மாட்டார்கள். சேகர் அண்ணே எழுதுவாரா என்று யோசித்தேன். எழுதினால்கூடப் பரவாயில்லை, ஒன்றும் சொல்லாமல் போய்விட்டால்தான் தாங்காது. இதையெல்லாம் யோசித்துக்கொண்டு நின்றபோது பையன் கையில் இருந்ததைக் கீழே வைத்தான்: "ஒரு தப்புக்கு எல்லாத்தையும் முதல்லேருந்தா? இது கேமா, பள்ளிக்கூடமாப்பா?"

பதினேழு பக்கம்

அழிந்ததைத் திரும்ப எடுக்க வழி உண்டா என்று தேடினேன். இப்போதைய இணையம் புதுக் கேசட் வாங்கச் சொன்னது, பேட்டரி விளம்பரம் காட்டியது, ஒரு வீடியோவில் ஒருத்தர் கத்தினார். கடைசியில் ஒரு பழைய மலாய் ஃபோரம் கிடைத்தது. பச்சை நிற எழுத்து, ஆடுகிற பொம்மை. என்னைப் போலவே ஒருவன் பேட்டரி மாற்றி எல்லாவற்றையும் தொலைத்துவிட்டுக் கேட்டிருந்தான். முன்பின் தெரியாத ஆட்கள் பதினேழு பக்கத்துக்கு அவனுக்காக மண்டையை உடைத்துக்கொண்டார்கள். அதில் ஒருத்தர் படம்கூட வரைந்து போட்டிருந்தார். எனக்காக யாராவது இப்படி உட்காருவார்களா என்று நினைத்துக்கொண்டே ஒவ்வொரு பக்கமாகத் தட்டினேன். கடைசிப் பக்கத்தில் கேள்வி கேட்டவனே வந்து ஒரே வரி எழுதியிருந்தான்: "பரவாயில்லை, அம்மா டிவியை வித்துட்டாங்க."

டி.பி.யும் பி.டி.யும்

வெள்ளிக்கிழமை, பால் இல்லாத டீயான தே ஓ குடித்துக்கொண்டிருந்த ஹமீது அண்ணே முன்னால் போய் நின்று சொல்லிவிட்டேன். சுற்றி வளைக்க எனக்கு வராது.

"பேட்டரி மாத்தினியா? யார் மாத்தச் சொன்னா?"

"சீட்டுல பி.டி.ன்னு இருக்கு."

"பேட்டரி டெஸ்ட் லா! சும்மா சார்ஜ் இருக்கான்னு பார்க்கச் சொன்னேன்!"

"நான் பத்தெரி துக்கார்னு படிச்சேன்."

"மலாய்ல யாராச்சும் அப்படிச் சொல்வாங்களா? துக்கார் பத்தெரி. அப்ப டி.பி.ன்னுல்ல எழுதியிருப்பேன்!"

உண்மைதான். 'பேட்டரி மாத்து' என்று தமிழில் யோசித்து, அதே வரிசையில் மலாய் வார்த்தையை வைத்துப் படித்திருக்கிறேன். மலாய்ப் பாடத்தில் இதற்காகவே எத்தனை சிவப்புக் கோடு வாங்கியிருக்கிறேன்! "டி.பி.ன்னு எழுதினா கேசட்டுக்குக் காசநோய்னு நினைப்பேன்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. தே ஓவை அப்படியே வைத்துவிட்டு மோட்டார் சைக்கிள் சாவியை எடுத்தார்: "நாளைக்கு நான் கடையில இல்ல, நீயே சொல்லிடு, என்னால அந்த ஆளு மூஞ்சியப் பார்க்க முடியாது."

சனிக்கிழமை

காலையிலிருந்து கதவு திறக்கும்போதெல்லாம் தலையைத் தூக்கிப் பார்த்தேன். பதினோரு மணிக்கு சேகர் அண்ணே வந்தார். தனியாக வரவில்லை. பின்னால் கார் சாவியைச் சுழற்றிக்கொண்டு இன்னொருவர். ஞாயிறு வரைக்கும் பொறுக்காமல் இவர் போன் செய்து சொல்லியிருக்கிறார், மணி சிம்பாங் அம்பாட்டில் இருந்து பாலம் ஏறி வந்துவிட்டார்.

"போடு தங்கச்சி, அவன் பார்க்கட்டும்."

"அண்ணே, சேவ் போயிடுச்சு. நான்தான் அழிச்சேன். பேட்டரியை மாத்தக் கூடாது, மாத்திட்டேன்."

சேகர் அண்ணே பக்கத்தில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். மணிதான் சிரித்தார், நல்ல சிரிப்பு இல்லை. "இதைக் காட்டத்தான் கூப்பிட்டியா? அப்பவும் அழிச்சே, இப்ப ஒரு பொண்ணை வெச்சு நாடகம் போடுறே."

"நாடகம் இல்ல" என்றேன். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "திங்கட்கிழமை இதே டிவியில பார்த்தேன். முதல் வரியில சேகர். அடுத்த வரியில, உங்க வரியில, சேகர் 2."

சாவி சுழல்வது நின்றது. காதெல்லாம் சிவந்துவிட்டது அவருக்கு. "அதை ஏன்டா இந்தப் பொண்ணுகிட்ட சொன்னே?"

"நான் சொல்லலடா. நானே கேசட் கிடைச்சப்பதான் பார்த்தேன். அப்பல்லாம் நீதான் கையால மறைச்சுக்குவியே."

நான் கேசட்டை டிவியில் போட்டேன், இரண்டு பேரும் காலி வரிகளைப் பார்த்தார்கள். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை, ஈயக் கம்பியைச் சுற்றி வைத்தேன். அம்மா ஆஸ்பத்திரி பற்றிப் பேச்சே வரவில்லை, அது எங்கள் கடையில் சரியாகிற விஷயமும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து மணி இன்னொரு ஸ்டூலைக் காலால் இழுத்துப் போட்டு, அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து கையை நீட்டினார்: "சரி, முதல்லேருந்து போடு, இந்த வாட்டி என் பேருல."

ஒரு மணி நேரம் விளையாடிவிட்டுச் சேமித்துக் கேசட்டை எங்களிடமே விட்டுப்போனார்கள், அடுத்த சனிக்கிழமையும் வருகிறார்களாம், அதுவரை அது அழியாமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு, அதனால் நான் சனிக்கிழமைக்குப் பயப்படுவது இனி வாரா வாரம்.