கனத்த யானைகள்

கிட்டாரைத் தூக்கிச் சூளையில் போட்டுவிட்டாராம் அறிவழகன். எரிந்து முடிகிற வரைக்கும் நின்று பார்த்தாராம். அன்றிலிருந்து யாரிடமும் பேச்சில்லையாம். இதை எனக்குச் சொன்னது ஸ்ரீமுஷ்ணத்தில் இருக்கும் என் சித்தி மகள் மோகனப்பிரியா. அவளுக்குச் சொன்னது டவுன் பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வந்த ஒரு பெண். அந்தப் பெண்ணுக்கு யார் சொன்னார்கள் என்று கேட்டேன். "எல்லாருந்தான் சொல்றாங்க" என்றாள் மோகனப்பிரியா.

நான் ராட்டர்டாமிலிருந்து விடுப்பில் வந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. போன் போட்டுக் கேட்கத் துணிவில்லை. ஆமாம் என்று அவர் வாயாலேயே சொல்லிவிட்டால்? விருத்தாசலம் ஜங்ஷனில் இறங்கி, பீங்கான் தொழிற்பேட்டைக்கு ஆட்டோவில் போகும் வழியெல்லாம் ஆறுதல் வாக்கியங்களைத் தமிழில் ஒரு தடவையும் இங்கிலீஷில் ஒரு தடவையும் ஒத்திகை பார்த்தேன். இரண்டிலும் துக்கம் விசாரிக்க வந்த தூரத்துச் சொந்தக்காரன் மாதிரிதான் இருந்தது.

அறிவழகன் யானை வார்த்துக்கொண்டிருந்தார். வலது கையில் பிளாஸ்டிக் ஜக்கு. அதிலிருந்து பாயசம் பதத்தில் மண் கூழ் ஒரே சீராக அச்சுக்குள் இறங்கியது. இடது கையில் பாத்திரம் கழுவும் மஞ்சள் ரப்பர் உறை, முழங்கை வரைக்கும். அந்தக் கை எதையும் தொடாமல், முறைத்துக்கொண்ட மாப்பிள்ளை போல இடுப்பில் ஒதுங்கி இருந்தது.

"வாப்பா தம்பி. எப்ப வந்த? கொஞ்சம் அந்தாண்ட நவுரு, வெளிச்சத்த மறைக்கற."

பேச்சு நின்றுபோனதாகச் சொல்லப்பட்டவரின் முதல் பேச்சு இது. அவருக்குப் பின்னால், ஒரு பழைய நூல் புடவைக்குள் சுற்றிய கிட்டார் சுவரில் முழுசாகச் சாய்ந்திருந்தது. தலை புடவைக்கு வெளியே இருந்தது. கம்பி முறுக்கும் ஆறு முடுக்காணிகளும் இருந்தன. எண்ணிப் பார்த்தேன். பக்கத்திலிருந்த மூட்டை மேல் உட்கார்ந்தேன். அது மண் மூட்டை. எழுந்தபோது என் பேண்ட் பின்பக்கம் வெள்ளையாகி இருந்தது. அங்கே வேலை செய்யும் பெண்கள் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது.

அவருக்கு ஐம்பத்து நாலு வயசு. ஒரு காலத்தில் மெல்லிசைக் குழுவில் கிட்டார் வாசித்தவர். கருவேப்பிலங்குறிச்சி கல்யாணம், பழமலைநாதர் கோயில் திருவிழா என்று மேடை மேடையாகப் பாடகர்களின் முதுகைப் பார்த்தே இளமை கழிந்தது. பிறகு நாலு வருஷம் புதுச்சேரியில் ஒரு ஓட்டல் வாத்தியக் குழு. அங்கே பேஸ் கிட்டார் வாசித்த ஒருவர் ஊருக்குக் கிளம்பும்போது ஒரு பென் டிரைவைக் கையில் கொடுத்துவிட்டுப் போனார். அதற்குள் இருந்தது முழுக்க ஜாஸ். "அது வரைக்கும் கிட்டாருன்னா பாட்டுக்குப் பின்னாடி கை கட்டி நிக்கறதுன்னு நெனச்சிக்கிட்டு இருந்தேன். அதுல பார்த்தா, கிட்டாரே வாயத் தொறந்து பேசுது. அதுவும் எதிர்த்து."

அவர் செய்யும் பதிவுகள் வெறும் ஜாஸ் அல்ல. அதில் ஃபங்க் இருக்கும், ரிதம் அண்ட் புளூஸ் இருக்கும். வித்தியாசம் என்னவென்று ஒருமுறை கேட்டேன். மண் ஒட்டிய விரலை மடக்கி எண்ணினார். "ஜாஸுன்னா கேள்வி கேட்டுக்கிட்டே போறது, பதில் வந்தாலும் நிக்காது. ஃபங்குன்னா இடுப்பப் புடிச்சி நிறுத்தி, 'நீ எங்கயும் போவக் கூடாது, இங்கயே ஆடு'ன்னு சொல்றது. அந்த மூணாவது இருக்குது பாரு, அது வூட்டுல ரெண்டு பேரு சண்ட போட்டுட்டு, ஒருத்தரு மட்டும் மெதுவா சமாதானத்துக்கு வர மாதிரி." மூன்றும் ஒரே பதிவில் வந்தால்? "குடும்பம்" என்றார்.

அவருடைய பதிவு பெரும்பாலும் பதினைந்து நிமிஷத்தைத் தாண்டாது. தாண்டவும் கூடாது. மதியம் ஒரு மணிக்கு மண் அரைக்கும் உருளை சாப்பாட்டுக்காக நிற்கும். அந்த இரைச்சல் ஓய்ந்த முக்கால் மணி நேரம்தான் அவருடைய ஸ்டுடியோ. முதலில் முப்பத்திரண்டு யானை அச்சுகளிலும் கூழை ஊற்றிவிடுவார். பிளாஸ்டர் அச்சு தண்ணீரை உறிஞ்ச உறிஞ்ச, கூழ் அதன் உட்புறத்தில் தோலாகப் படியும். பதினைந்து நிமிஷத்தில் யானைக்கு வேண்டிய கனம் வந்துவிடும். அப்போது மிச்சக் கூழைக் கவிழ்த்துவிட வேண்டும். ஊற்றுவதற்கும் கவிழ்ப்பதற்கும் நடுவே உறையைக் கழற்றி, புடவையை அவிழ்த்து, லேப்டாப்பைத் தட்டி வாசிப்பார். ஈர மண் பட்டால் விரல் நுனிக் காய்ப்பு ஊறிப்போகும், கம்பி அறுக்கும். இடது கை உறைக்குள் குடியிருப்பது அதனால்தான்.

வாசிப்பு நன்றாக அமைந்தால் நேரம் மறந்துபோகும். அன்றைக்கு யானைகள் கனத்துவிடும். கனத்த யானை சூளையில் வெடிக்கும். கம்பெனி முதலாளி விருத்தகிரி ஒரு யானையை எடுத்துக் கையில் நிறுத்துப் பார்த்தே சொல்லிவிடுவாராம், "என்னா அறிவு, நேத்து பிரமாதமா வாசிச்ச போல இருக்குது!"

அப்படி மூன்று வருஷத்தில் சேர்ந்தவை ஏழு பதிவுகள். ஒவ்வொன்றிலும் ஒரே நிமிஷத் துண்டைத்தான் எனக்கு அனுப்புவார். "வேகாதத வெளியூருக்கு அனுப்ப மாட்டேன்." அந்தத் துண்டுகளை ராட்டர்டாமில் ஒரு சிறிய இசை வெளியீட்டகம் நடத்தும் அம்மாளுக்குப் போட்டுக் காட்டினேன். 'கேட்டு சாத்தியிருக்குது' என்று ஒன்று. ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்ட வண்டிகளின் பொறுமையின்மையை ஒரே தாளத்தில் நிறுத்தி வைத்து, அதற்கு மேல் கிட்டார் எட்டி எட்டிப் பார்க்கும். அந்த அம்மாள் நாற்காலியில் இருந்தபடியே தோளை ஆட்டினார். ஏழும் சேர்ந்து ஓர் ஆல்பம் என்று முடிவானது. இந்த வெள்ளிக்கிழமைக்குள் ஏழும் வர வேண்டும். வராவிட்டால் வெளியீட்டு வரிசையில் அந்த இடம் வேறொருவருக்குப் போய்விடும்.

நான் போய் இறங்கியது திங்கட்கிழமை.

"சூளையில போட்டது நெஜந்தான்" என்றார். "கிட்டார இல்ல. லேப்டாப்புல எடமில்லாம ஏழு பாட்டையும் போட்டு வெச்சிருந்த ஹார்ட் டிஸ்க்க. போட்டதும் நானில்ல, பச்சமுத்து."

"யோவ், என் பேரு எதுக்குய்யா அடிபடுது?" என்று சூளைப் பக்கமிருந்து குரல் வந்தது. பின்னாலேயே பச்சமுத்துவும் வந்தார். சூளையில் சாமான் அடுக்குபவர். அகல்விளக்குகளை அப்படியே நெருப்பில் காட்டுவதில்லை. சூடு தாங்கும் மண்ணில் செய்த பெட்டிக்குள் அடுக்கி, மூடி போட்டு உள்ளே வைப்பார்கள். காலிப் பெட்டி குப்புறக் கவிழ்ந்திருக்கும். மூடி போட்டு நிமிர்ந்திருந்தால் நிரம்பியது, சூளைக்குத் தயார். அங்கே எல்லோருக்கும் அது தெரியும். அறிவழகனுக்கும் தெரியும். ஆனால் அந்தக் கூடத்தில் மண் தூசி நுழையாத இடம் அது ஒன்றுதான். அதனால் ஹார்ட் டிஸ்க்கைத் துணியில் சுற்றி ஒரு பெட்டிக்குள் வைத்து மூடியும் போட்டிருந்தார்.

"தூக்கும்போது கனமே இல்லன்னு தெரியலையாண்ணே?" என்றேன்.

"மூடி போட்ட பெட்டிய நான் எதுக்குங்க ஆராயணும்? பொண்ணு பார்க்கவா வந்திருக்கறேன்?" என்றார் பச்சமுத்து. பிறகு குரல் இறங்கியது. "தெரிஞ்சிருந்தா செய்வனா? மூணு நாளு சோறு எறங்கலிங்க எனக்கு."

"அவரு மேல தப்பில்ல. மூடி போட்டவன் நான்" என்றார் அறிவழகன். "கேளு தம்பி இத. சூளை பத்த வெச்சதும் ஒயரு எரியற நாத்தம். கேபிளுதான் போச்சுன்னு மெயின ஆஃப் பண்ணிட்டு, ஏணி போட்டு ஏறி அரை மணி நேரம் ஒயரு ஒயரா மோந்து பார்த்தது யாரு? நான்தான். என் பாட்டு எரியற நாத்தத்த நானே தேடிக்கிட்டு இருந்திருக்கறேன்."

சூளை ஆறிப் பெட்டியைத் திறந்தபோது உள்ளே ஒரு கறுப்புக் கட்டி அடியில் ஒட்டியிருந்ததாம். யாரோ கருவாடு சுட்டிருக்கிறார்கள் என்று நினைத்தாராம் பச்சமுத்து.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. வேறு எங்கேயாவது நகல் இருக்கிறதா என்று மூன்றாவது தடவை கேட்டபோது சௌந்தர்யா குறுக்கிட்டாள். சுடுவதற்கு முன் பொம்மைகளைப் பளபளப்புக் கரைசலில் முக்கி எடுப்பது அவள் வேலை. "அண்ணன் என்னாத்துக்குப் பதறுறாரு? எங்கிட்டதான் இருக்குதே."

ஒவ்வொரு பதிவு முடிந்ததும் அறிவழகன் அதை முழுசாக அவள் போனுக்கு அனுப்புவாராம். அவளுக்கு ஜாஸும் தெரியாது, ஃபங்கும் தெரியாது. ஆனால் ஒரு பொம்மையை முக்கி, எண்ணிக்கை வைத்து, எடுத்து உதறுகிற கை அவளுடையது. பாட்டைப் போட்டுக்கொண்டு வேலை செய்வாள். கை தடுமாறினால், "நாலாவது நிமிசத்துல ஓடறீங்கண்ணே" என்று சொல்லி அனுப்புவாள். அவர் திருத்துவார். ஒரு பென் டிரைவும் ஓர் ஓட்டல் மேடையும் கற்றுக்கொடுக்காத ஒன்றை அவளிடம்தான் சோதித்துப் பார்த்துக்கொள்கிறார்.

மூச்சு வந்தது எனக்கு. முழுசாக வரவில்லை. "அஞ்சு இருக்குது. ரெண்ட அழிச்சிட்டேன்" என்றாள். "எங்கண்ணன் புள்ளைக்கு மொட்ட அடிச்ச வீடியோவுக்கு எடம் பத்தலன்னு போன் சொல்லுச்சு."

ஐந்தையும் அங்கேயே நின்று ராட்டர்டாமுக்கு அனுப்பினேன். 'தெளிவாக இருக்கின்றன, மீதி இரண்டு எங்கே?' என்று பதில் வந்தது. புதன்கிழமை மதியம் ஆறாவதைத் திரும்ப வாசித்து முடித்துவிட்டார் அறிவழகன். ஏழாவதுதான் சிக்கல். அதை எழுதி வைத்து வாசிக்கவில்லை, அன்றைக்கு வந்தது. வியாழக்கிழமை அந்த முக்கால் மணி நேரமும் அதைத் தேடினார். இரண்டு அடி போவார், நிற்பார். "இது இல்ல" என்பார். திரும்ப ஆரம்பிப்பார். வாசிப்பு அமையாமலே யானைகள் அன்று கனத்துப்போயின.

சௌந்தர்யாதான் அச்சைக் கவிழ்த்தபடியே சொன்னாள். "அதான் எரிஞ்சி போச்சேண்ணே. எரிஞ்சத எதுக்குப் பொறுக்கறீங்க? வேற ஒன்ன வாசிங்க. நானும் எத்தினி நாளைக்கு அந்தப் பாட்டுங்களையே கேட்டுக்கிட்டு முக்கறது?"

அவர் கிட்டாரைப் புடவையில் சுற்றும்போது இரண்டு தடவை முடிச்சு தவறியது.

வெள்ளிக்கிழமை ஒரு மணி. உருளை நின்றது. கூழை ஊற்றினார். உறையைக் கழற்றினார். நான் எங்கே நிற்க வேண்டும் என்று கேட்டேன். தன் இடது தோளுக்குப் பின்பக்கத்தைக் காட்டினார். "இங்க ஒட்டி நில்லு. அந்தச் செவுத்துலருந்து எதிரொலி வருது. நீ நல்லா உறிஞ்சற ஆளு, பிளாஸ்டர் மாதிரி." தலைக்கு மேலே கயிற்றில் மைக் தொங்கியது. மூச்சைக் கூட அளந்து விட்டேன்.

தாளப் பெட்டி தட்டத் தொடங்கியது. நாலு சுற்று அவர் வாசிக்கவே இல்லை. ஐந்தாவதில் ஒரே ஒரு சுரம். அதையே மறுபடி. பிறகு அதன் பக்கத்தில் இன்னொன்று, கொஞ்சம் தாமதமாக, மன்னிப்புக் கேட்கிற மாதிரி. பழைய ஏழாவதின் சாயல் எங்கும் இல்லை. மூன்றாவது நிமிஷத்தில் கிட்டார் அந்தத் தாளத்தின் இடுப்பைப் பிடித்துக்கொண்டது. பச்சமுத்து சூளைக் கதவருகே தலையாட்ட ஆரம்பித்தார். எட்டாவது நிமிஷத்தில் அறிவழகன் கண்ணை மூடிக்கொண்டார். பதினாலாவது நிமிஷத்தில் சௌந்தர்யா செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலில் வந்து, சத்தம் வராமல் முதல் அச்சைச் சாய்த்தாள். கூழ் நூலாக இறங்கியது. அவர் நிறுத்தவில்லை. கேள்வி மேல் கேள்வியாகப் போய்க்கொண்டிருந்தது.

அப்போது என் சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. மணிச்சத்தத்தை அணைத்தவன் அதிர்வை மறந்திருந்தேன். மெல்லிய துணி வழியே ராட்டர்டாம் எண் தெரிந்தது. அந்த அம்மாள்தான். அங்கே காலை வேளை. ஏழாவது வருமா வராதா என்று கேட்கத்தான் அழைக்கிறார். எடுத்தால் பதிவு கெடும். எடுக்காவிட்டால் இடம் போய்விடுமோ? கையைத் தூக்கினாலே சட்டை சரசரக்கும். மைக்கைப் பார்த்தேன், அவரைப் பார்த்தேன். அதிர்வு அடுத்த சுற்றுக்குப் போனது.

அறிவழகன் கண்ணைத் திறக்கவில்லை. விரல்கள் கம்பியை விடவில்லை. ஒரு கால் மட்டும் பின்னால் நகர்ந்தது. அப்படியே என் மேல் சாய்ந்து, இடது தோளால் என் சட்டைப் பையை நெஞ்சோடு சேர்த்து அழுத்திக்கொண்டார். சத்தம் அமுங்கியது. அவர் தோளுக்கும் என் நெஞ்சுக்கும் நடுவில் போன் துடித்துக்கொண்டே இருந்தது. அவர் வாசித்துக்கொண்டே இருந்தார்.