சிவப்பே இல்லாத அறிக்கை

மருந்து மொத்த விற்பனைக் கம்பெனி ஒன்றில் பதினேழு வருஷம் குடோனைப் பார்த்துக்கொண்டவர் அவர். ஒருநாள் முதலாளி அவரைக் கூப்பிட்டு, சரக்குக் கணக்குக்கான புது சாஃப்ட்வேர் வேலைக்குப் பொறுப்பாளராக இருக்கச் சொன்னார். கம்ப்யூட்டரில் அவருக்குத் தெரிந்ததெல்லாம் மெயில் பார்ப்பதும் பிரின்ட் எடுப்பதும்தான். "உங்களை விட்டா குடோனைத் தெரிஞ்சவங்க யாரு இருக்காங்க?" என்றார் முதலாளி. மனிதர் உச்சி குளிர்ந்துபோனார். யார் முகத்துக்கு நேராகவும் முடியாது என்று சொல்லி அவருக்குப் பழக்கமில்லை.

ஏழு மாதக் கெடு. வேலை செய்பவர்களைக் கேட்டு வைத்த கெடு அல்ல. முதலாளி ஒரு கூட்டத்தில் பேச்சுவாக்கில் சொன்னது அப்படியே நின்றுவிட்டது. நடுவில் விற்பனைப் பிரிவு புது வசதி ஒன்று கேட்டது, கொள்முதல் பிரிவு இன்னொன்று கேட்டது. எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். வாராவாரம் மேலே போகும் அறிக்கையில் முடிந்த வேலைக்குப் பச்சை, இழுபறிக்குச் சிவப்பு. அவர் அனுப்பியதில் சிவப்பே கிடையாது.

ஐந்தாம் மாதம், பேக்கிங் பிரிவைப் பார்த்துக்கொள்ளும் அம்மாள் அவரைத் தனியே பிடித்தாள்.

"சார், டயாலிசிஸ் மருந்து ஒண்ணுதான். புது சாஃப்ட்வேர்ல அதை மூணு பேர்ல, மூணு நம்பர்ல ஏத்தி வெச்சிருக்காங்க. கம்ப்யூட்டர் ஸ்டாக் இல்லைங்குது, பின்னாடி போய்ப் பார்த்தா நாப்பது பெட்டி நிக்குது."

"பாத்துக்கலாம்மா. இப்போதைக்கு வெளிய சொல்லாதீங்க."

"நான் யார்கிட்ட சொல்லப் போறேன்? நீங்கதானே சொல்லணும்."

சொல்லத்தான் போனார். போனில் பேசிக்கொண்டிருந்த முதலாளி, எல்லாம் சரிதானே என்பதுபோலப் புருவத்தை உயர்த்தினார். இவர் சிரித்துவிட்டுத் திரும்பி வந்தார்.

பழையதும் புதியதும் ஒரு மாதம் சேர்ந்தே ஓடட்டும் என்று சாஃப்ட்வேர் எழுதிய பெண் கெஞ்சிப் பார்த்தாள். யாரும் காது கொடுக்கவில்லை. குறித்த நாளில் பழையதை நிறுத்தினார்கள். மறுநாள் சரக்கு ஏற்ற வழியில்லாமல் லாரிகள் தெருமுனை வரை நின்றன. மூன்றாம் நாள் காலை அவர் மனைவி போன் செய்தாள். அவள் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் பிரிவு நர்ஸ்.

"உங்க கம்பெனில ஸ்டாக் இல்லைங்கறாங்க. இங்க பதினோரு பேர் காத்துக்கிட்டிருக்காங்க. நிஜமாவே இல்லையா?"

குடோனின் பின்வரிசைக்கு ஓடினார். அள்ள முடிந்த பெட்டிகளைத் தன் காரிலேயே போட்டுக்கொண்டு போனார். பத்துப் பேர் தப்பித்தார்கள். வயதான தையல்காரர் ஒருவருக்கு மட்டும் அதற்குள் மூச்சு முட்டி, தீவிர சிகிச்சைக்குத் தூக்கிக்கொண்டு போயிருந்தார்கள்.

வீட்டுக்கு வந்த மனைவி செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டாள்: "உங்களுக்கு முன்னமே தெரியுமா?"

"ரெண்டு மாசமாத் தெரியும்."

அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஒன்பதாம் நாள் தையல்காரர் வார்டுக்கு மாறினார். இவர் பார்க்கப் போனார். நேரத்துக்குப் பெட்டி கொண்டுவந்தவர் என்று நினைத்து, கிழவர் கையெடுத்துக் கும்பிட்டார். இவருக்கு அதைத் தாங்க முடியவில்லை. நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார். கிழவர் கையை இறக்கிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். பக்கத்தில் இருந்த மகள், "கிளம்புங்க சார்" என்றாள்.

ஐந்தாம் வாரம் அந்த சாஃப்ட்வேரைக் கைகழுவினார்கள். எழுதிய பெண்ணுக்கு வேலை போயிற்று. இவர் இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தார்: பேக்கிங் அம்மாளிடம் முதலில் கேட்டிருக்க வேண்டும், ஒரே ஒரு அலமாரியில் தொடங்கியிருக்க வேண்டும், சிவப்பைச் சிவப்பாகக் காட்டியிருக்க வேண்டும். முதலாளி படித்துவிட்டு, "அப்பவே சொல்லியிருக்கலாமே" என்றார். மறுவாரம் இவருக்குச் சின்னக் கிளைக்கு மாற்றல் வந்தது.

அடுத்த வருஷம் பழைய குடோனில் சாஃப்ட்வேர் வேலை மறுபடி ஆரம்பமானது. பேக்கிங் அம்மாளைப் பக்கத்தில் உட்காரவைத்து, ஒரு அலமாரியில் தொடங்கினார்களாம். டயாலிசிஸ் மருந்து இப்போது தவறாமல் வருகிறது என்று சாப்பிடும்போது மனைவி சொன்னாள். இவர் தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டுக்கொண்டார். அந்த வேலையைப் பற்றிப் பழைய இடத்திலிருந்து அவரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.