காதருக்குப் புரிந்த செல் சவ்வு

இன்று காலை இட்லிப் பொடிக்கு நல்லெண்ணெய் விட்டபோது, என் ஈரக்கையிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் அதில் விழுந்து, ஒட்டாமல் உருண்டு நின்றது. மற்றவர்களுக்கு இதைப் பார்த்தால் பசிக்கும். எனக்குச் செல் சவ்வு ஞாபகம் வருகிறது. பிளஸ் டூ உயிரியல் ஒரு மனுஷனை இந்தப் பாடு படுத்தும்.

செல் சவ்வு என்றால் காதர்தான். குற்றாலத்துக்குப் பக்கத்து வடகரைக்காரன், பள்ளியில் என் பெஞ்சு. அந்த வருஷம் உயிரியலில் மட்டும் கோட்டை விட்டுவிட்டு, அருவி சீசன் நேரத்தில் மறுபடி எழுத இருந்தான். துபாயில் கடை வைத்திருந்த அவன் வாப்பா, "இதுலயும் பெயிலானா பிளேன் ஏத்தி இங்க கொண்டாந்திருவேன்" என்று போனில் சொல்லிவிட்டார். காதருக்கு ஊரை விட்டுப் போக மனசில்லை.

"ஏலே, அங்கன அருவி உண்டாலே?" என்று என்னையே கேட்டான். எனக்கும் அவன் போய்விடுவானோ என்று பயம்தான். அவனைப் பாஸாக்கும் பொறுப்பை நானே தலையில் தூக்கி வைத்துக்கொண்டேன்.

செல்லைச் சுற்றிக் கொழுப்பு மூலக்கூறுகள் இரண்டு வரிசையாக நிற்கும். தலைக்குத் தண்ணீர் பிடிக்கும், வாலுக்குப் பிடிக்காது, அதனால் வால்கள் நடுவில் ஒளிந்துகொள்ளும். இதைச் சொன்னால் காதர் கொட்டாவி விடுவான். வேறு வழியில்லாமல் குற்றாலத்துக்கே கூட்டிப் போனேன். அப்போதெல்லாம் உடம்பு வழிய எண்ணெய் தேய்த்துக்கொண்டுதான் அருவிக்குள் போவது. அருவிக்கு முன்னால் எண்ணெய் உடம்புக்காரர்கள் இரண்டு வரிசையாக நெருக்கியடித்து நின்றார்கள்.

"பாருலே, இதாம் சவ்வு. எல்லாம் வழுக்குது, ஒருத்தனும் ஒரு இடத்துல நிக்கல, ஆனா வரிசை உடையுதா?"

ஒல்லிப் பயல்கள் கைச்சந்தில் நுழைந்து உள்ளே போனார்கள். அது ஆக்சிஜன். கனத்த சரீரமுள்ள அண்ணாச்சி ஒருவர் முட்டிமோதியும் முடியாமல் நின்றார். போலீஸ்காரர் விசிலடித்து, வழி விலக்கி, கையைப் பிடித்து உள்ளே விட்டார். போலீஸ்காரர் புரதம். காதருக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. சந்தோஷத்தில் அண்ணாச்சியிடமே போய், "அண்ணாச்சி, நீங்கதான் குளுக்கோஸ்" என்றான்.

"எனக்குச் சீனியே ஆகாதுடே, போ அங்கிட்டு."

பரீட்சையில் படம் வரைந்திருக்கிறான், புரதத்துக்குத் தொப்பியும் விசிலும் வைத்து. கேட்டதும் எனக்கு மயக்கம் வராத குறை. யார் திருத்தினார்களோ, மகராசனாக இருக்க வேண்டும், காதர் நல்ல மார்க்கில் பாஸ்.

வாப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. "இவ்வளவு படிச்ச பயல ஊர்ல போட்டு வைக்கவா? கடைய அவனே பாக்கட்டும்" என்று டிக்கெட் எடுத்து அனுப்பிவிட்டார்.

"பெயிலானாலும் துபாய், பாஸானாலும் துபாய்னா எதுக்குலே என்னயப் படிக்க வச்ச?" என்றான் பஸ் ஏறும்போது.

இப்போது அருவியில் எண்ணெய்க்குத் தடை. நல்லதுதான், தண்ணீர் சுத்தமாக இருக்கிறது. வடகரையில் அவன் வீட்டையும் விற்றுவிட்டார்கள். சாரல் விழுந்தால் நான் அருவிக்குப் போவேன், துபாயிலிருந்து அவன் கூப்பிடுவான். நான் போனை அருவிப் பக்கம் நீட்டுவேன். கொஞ்ச நேரம் அருவியைக் கேட்டுக்கொண்டிருப்பான். அப்புறம், "வைலே, கடைக்கு ஆள் வந்துட்டு" என்பான். நான் குளிக்காமலே வீட்டுக்கு வந்துவிடுவேன்.