மணல் பை தொங்கிய கட்டில்

என் தம்பி மகளுக்கு ஆறு வயது நடந்தபோது, வைக்கோல் படப்பில் ஏறி விளையாடிச் சறுக்கி, கீழே கிடந்த கலப்பை மேல் விழுந்தாள். இடது தொடை எலும்பு முறிந்துபோனது. தேனி தனி மாவட்டமாகிக் கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. எங்கள் ஊர் சின்னமனூர்ப் பக்கம். பிள்ளையைப் பலகையில் கிடத்தி, வாடகை வேனில் தேனி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அவள் அம்மா அப்போதுதான் அடுத்த பிள்ளை பெற்றுப் படுத்திருந்தாள். எனக்குப் பிள்ளை குட்டி இல்லை, வீட்டுக்காரரும் போய்ச் சேர்ந்துவிட்டார். பிள்ளையோடு தங்க ஆள் வேண்டும் என்றதும் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நானும் மாற்றுச் சேலை இரண்டை எடுத்து வைத்துக்கொண்டேன்.

நான் ஐந்தாவதோடு நின்றவள். வெளி ஆட்களிடம் நிமிர்ந்து பேசிப் பழக்கம் இல்லை. டாக்டர் வந்தால் சுவரோரமாக ஒதுங்கி நிற்பேன். அதனால் பிள்ளையைச் சேர்த்த வார்டு நர்ஸின் முகத்தைவிட அவருடைய கைதான் எனக்கு முதலில் பழக்கமானது. மெலிந்த கை. நகத்தை ஒட்ட வெட்டியிருப்பார். மோதிரம், வளையல் ஒன்றும் கிடையாது. கடிகாரத்தைக்கூட மணிக்கட்டில் கட்டாமல் சட்டையில் குத்தியிருந்தார். பிள்ளையின் தோலில் எதுவும் கீறிவிடக் கூடாது என்பதற்காக என்று பிறகு தெரிந்துகொண்டேன். மயிலாடும்பாறைப் பக்கத்து விவசாய வீட்டில் பிறந்தவர். அப்போது முப்பதைத் தாண்டியிருப்பார்.

பிள்ளையின் காலில் முட்டிக்கு மேலிருந்து கணுக்கால் வரை ஒட்டுப் பிளாஸ்திரி போட்டுத் துணி சுற்றி, அதில் கயிறு கட்டி, கட்டிலின் கால்மாட்டில் இருந்த சின்ன உருளை வழியாக விட்டு, கயிற்றின் முனையில் மணல் பையைத் தொங்கவிட்டார்கள். கட்டிலின் கால்மாட்டுப் பக்கம் மட்டும் கட்டை வைத்து உயர்த்தியிருந்தது. இல்லாவிட்டால் பை இழுக்கிற இழுப்பில் பிள்ளையும் சேர்ந்து கீழே வந்துவிடும். இதற்கு டாக்டர் இங்கிலீஷில் ஒரு பேர் சொன்னார். வார்டில் எல்லாரும் ‘வெயிட்டு’ என்றுதான் சொன்னார்கள். நான்கு வாரம் போலக் கிடக்க வேண்டும், எலும்பு கொஞ்சம் பிடித்த பிறகு மாவுக்கட்டு என்றார்கள்.

ஆறு வயதுப் பிள்ளையை, அதுவும் ஒரு இடத்தில் நிற்காத பிள்ளையை, மல்லாக்கப் போட்டுக் காலில் மணலைத் தொங்கவிட்டால் அது என்ன பாடு படும்!

அந்த நர்ஸ் வந்தால் முதலில் பிள்ளையின் கால் விரலைத்தான் தொடுவார். புறங்கையால் தொட்டுச் சூடு பார்ப்பார். நகத்தை அமுக்கி, வெளுத்தது திரும்பச் சிவக்கிறதா என்று பார்ப்பார். பிறகு விரலை ஆட்டச் சொல்வார். ஆட்டு என்று சும்மா சொன்னால் இவள் ஆட்டுவாளா? அதற்கு ஒரு விளையாட்டு வைத்திருந்தார். பெருவிரல் தேனி, அடுத்தது வீரபாண்டி, அதற்கடுத்தது சின்னமனூர், உத்தமபாளையம், சுண்டுவிரல் கம்பம்.

“என்னத்தா, பஸ்ஸு கெளம்பிருச்சா?”

“தேனியில நிக்கிது சிஸ்டர்.”

“வீரபாண்டியில ஆளு ஏறிட்டாகளா?”

“எல்லாரும் ஏறிட்டாக.”

“அப்ப கம்பத்துக்கு விடு பாப்போம்.”

அவள் முகத்தைச் சுளித்துக்கொண்டு ஆட்டுவாள். சுண்டுவிரல் தனியாக எங்கே ஆடும்? ஐந்தும் சேர்ந்து ஆடும். “ஏத்தா, ஒரே நேரத்துல அஞ்சு ஊருக்கும் போற பஸ்ஸ இன்னைக்குத்தான் பாக்குறேன்” என்பார். பிள்ளை சிரிக்கும். அந்தச் சிரிப்புக்குள் அவர் பார்க்க வேண்டியதை எல்லாம் பார்த்து முடித்திருப்பார்.

வேலை எத்தனையோ. குதிகால் மெத்தையில் அழுந்தாமல் துணிச்சுருள் வைப்பார். பாதம் வெளிப்பக்கம் சாய்ந்துவிடாமல் பெருவிரல் கூரையைப் பார்த்தபடி நிறுத்துவார். வெயிட்டு அசையாமல் பிள்ளையை இடுப்போடு தூக்கி முதுகைத் துடைத்துப் பவுடர் போடுவதற்கு எனக்குக் கற்றுக்கொடுத்தார். படுத்தே கிடப்பதால் வயிறு இறுகிவிடும் என்று தண்ணீரை விடாமல் கொடுக்கச் சொன்னார். கம்பத்திலிருந்து யாராவது பன்னீர் திராட்சை வாங்கி வந்தால், “இதத்தான் நான் கேட்டேன்” என்று கழுவி அவரே ஊட்டுவார். ஒரு நாள் இவள் கோபத்தில் கஞ்சியை அவர் மேலேயே துப்பிவிட்டாள். அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “உப்புக் கம்மியாத்தா?” என்று கேட்டார். இவள் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு “ஆமா” என்றாள். உப்புப் போட்டு வந்தார். குடித்துவிட்டாள்.

இரண்டாவது வாரத்தில் ஒரு சனிக்கிழமை, யாராவது வெயிட்டில் கை வைத்துவிடுவார்களோ என்று நாங்கள் பயந்தது நடந்தது. பிள்ளையின் தாய்மாமன், மார்க்கையன்கோட்டைக்காரர், குச்சனூர் கோயிலுக்குப் போய்விட்டு விபூதியோடு வந்தார். பந்தல் போட்டுப் புடலை, பாகல் விளைவிக்கிறவர். பெரிய மீசை, அதைவிடப் பெரிய குரல், ஆனால் பிள்ளை அழுதால் தாங்க மாட்டார். நான் பெட்பேனைக் கழுவப் போயிருந்தேன். இவள் மாமனைக் கண்டதும், “மாமா, காலு இழுக்குது மாமா” என்று அழுதிருக்கிறாள். மனுசன் மணல் பையைத் தூக்கிப் பக்கத்து ஸ்டூலில் வைத்துவிட்டார்.

நான் திரும்பி வந்தபோது கயிறு தொய்ந்து கிடந்தது. பிள்ளை சிரித்துக்கொண்டிருந்தாள்.

“பாருங்க மதினி, புள்ள எப்பிடிச் சிரிக்குதுன்னு! மாட்டுக்குக் கட்டுற மாதிரி மூட்டையக் கட்டித் தொங்கவிட்டிருக்காக. ஈவு எரக்கம் இல்லாத ஆளுக.”

அவர் சம்பந்தி வீட்டு ஆள். அவர் முன்னால் நான் வாய் திறந்ததில்லை. கையில் பெட்பேனோடு நர்ஸ் அறைக்கு ஓடினேன். அங்கே போயும் பேச்சு வரவில்லை. நர்ஸ் பெட்பேனைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், எழுந்து வந்துவிட்டார். நாங்கள் வருவதற்குள் பிள்ளையின் தொடை வெட்டி வெட்டி இழுக்க, வார்டே அதிரும்படி கத்திக்கொண்டிருந்தாள். மாமன் பையைத் தொடுவதா வேண்டாமா என்று ஸ்டூலைச் சுற்றி வந்தார்.

நர்ஸ் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. விரலைத் தொட்டுப் பார்த்துவிட்டு மாமனைக் கூப்பிட்டார்.

“அண்ணே, இங்கன வாங்க. கணுக்காலுக்கு மேல ரெண்டு கையாலயும் புடிங்க. நேரா, மெதுவா இழுங்க. வெடுக்குனு இழுக்கக் கூடாது. நான் சொல்ற வரைக்கும் விட்றாதீக.”

“நானா? இழுக்கவா? புள்ள துடிக்குதே சிஸ்டர்!”

“இழுங்கண்ணே.”

அவர் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தார். இழுக்க இழுக்கப் பிள்ளையின் கத்தல் தணிந்து வந்தது. தொடையின் துடிப்பு நின்றது. கடைசியில் தேம்பல் மட்டும் மிஞ்சியது. மாமன் தன் கையையும் பிள்ளையின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். நர்ஸ் இதற்குள் கயிற்றைச் சரிபார்த்துப் பையைத் தொங்கவிட்டு, “இப்ப விடுங்க” என்றார்.

பிறகுதான் கேட்டார். “உங்க பந்தல்ல புடலைக்குக் கல்லுக் கட்டுவீகளாண்ணே?”

“கட்டாம? கட்டலைன்னா சுருண்டுக்கிருமில்ல.”

“பாவம், பிஞ்சுக் காயி, வலிக்கும்னு யாராவது வந்து கல்லத் தாங்கிப் புடிச்சா?”

“தோட்டத்த விட்டே வெரட்டிருவேன்.”

சொல்லிவிட்டு அவரே நாக்கைக் கடித்துக்கொண்டார்.

“முறிஞ்ச எலும்பச் சுத்தி இருக்கிற சதை இருக்கே, அது ரெண்டு முனையவும் ஒண்ணு மேல ஒண்ணா இழுத்து ஏத்திரும்ணே. அதுக்கு எதுத்தாப்ல இழுக்கத்தான் இந்தப் பை. எரக்கம் இல்லாம கட்டல.”

மறுநாள் எக்ஸ்ரே எடுத்தார்கள். முனைகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறித்தான் இருந்தன. கூடுதல் பை தொங்கவிட்டு ஒரு வாரம் பார்ப்போம், இறங்காவிட்டால் மதுரைக்குக் கொண்டுபோய்க் கிழித்துத் தகடு வைக்க வேண்டியிருக்கும் என்றார் டாக்டர். அப்படியே விட்டால் கால் கட்டையாகிவிடும் என்றும் சொன்னார். என் தம்பி வராந்தாவில் உட்கார்ந்துவிட்டான்.

“கிழிக்கல்லாம் வேணாங்க்கா. நாட்டுக் கட்டுக் கட்டுறவரு இருக்காரு. இன்னைக்கே அங்கன தூக்கிட்டுப் போயிருவோம். பொம்பளப் புள்ள, நொண்டியாகிட்டா நாளைக்கு யாரு கட்டுவா?” என்றான்.

நர்ஸ் அவன் பக்கத்தில் போய் நின்றார். அந்த வைத்தியரை ஒரு வார்த்தை குறைத்துப் பேசவில்லை.

“அங்கன கட்டுனாலும் எலும்பு சேரும் தம்பி. சின்னப் புள்ளைக எலும்பு எப்படிப் போட்டாலும் சேந்துரும். ஆனா இப்ப ஏறி நிக்கிற மாதிரியே சேந்துருச்சுன்னா, காலு அந்த அளவுக்குக் கொறஞ்சுரும். மொதல்ல எறக்கணும். டாக்டரு சொன்ன ஒரு வாரம் இருங்க. வெயிட்டு ஒரு நிமிசம் சும்மா நிக்காம நான் பாத்துக்கிறேன்.”

அன்றைக்கும் வந்திருந்த தாய்மாமன்தான் பேசினார். “இருக்கட்டும் மாப்ள. ஏத்தி விட்டது நானு. எறங்குற வரைக்கும் இந்தக் கட்டிலுக்குக் காவலும் நானு.”

நர்ஸ் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். ஆளைப் பார்த்து வேலை கொடுக்கிறதில் அவரை மாதிரி யாரையும் நான் பார்த்ததில்லை. என்னிடம், “அக்கா, நீங்க அதிகம் பேச மாட்டீக, ஆனா கண்ணு எல்லாத்தையும் பாக்குது. பை தரையத் தொடுதா, கயிறு உருளையில ஓடுதா, விரலு சில்லுனு இருக்கா, இது மூணையும் பாருங்க. ஏதாச்சும் சரியில்லன்னா வந்து நில்லுங்க, போதும். பேச வேணாம்” என்றார். மாமனிடம், “அண்ணே, வர்ற சனத்தக் கட்டில்கிட்ட விடாதீக. அதுக்கு உங்க கொரலு போதும்” என்றார்.

அந்த வாரம் மாமன் காலையில் காய்கறியை மார்க்கெட்டில் இறக்கிப்போட்டுவிட்டு நேரே வார்டுக்கு வந்துவிடுவார். இருட்டும் வரைக்கும் கால்மாட்டில் உட்கார்ந்திருப்பார். சொந்தக்காரர் யார் வந்தாலும் சரி, “ஏலே, கைய எடு! அது என்ன ஊஞ்சலா?” என்பார். அவருடைய பெரியம்மா ஒருத்தி, “அட பாவம், பிஞ்சுக் காலுல...” என்று ஆரம்பித்ததும், “பெரியாத்தா, எரக்கப்படுறதா இருந்தா வாசல்ல நின்னு எரக்கப்படு” என்றார். கிழவி கோபித்துக்கொண்டு பிள்ளைக்குக் கொண்டுவந்த பலகாரத்தைக் கொடுக்காமலே போய்விட்டாள். பக்கத்துக் கட்டில் பிள்ளைகளின் சொந்தக்காரர்களையும் அவர் விட்டுவைக்கவில்லை. நர்ஸ் வந்து, “அண்ணே, உங்க பந்தல மட்டும் பாருங்க” என்று சொல்ல வேண்டியதாயிற்று.

பை கூடியதும் பிள்ளைக்கு வேதனையும் கூடியது. பிளாஸ்திரிக்குள் அரிப்பு வேறு. நர்ஸ் விசிறியால் வீசிவிடுவார். தலைமாடு தாழ்ந்து கிடந்ததால் சோறு தொண்டையில் சிக்கிக்கொள்ளும். சின்னச் சின்ன உருண்டையாகப் பிடித்து, முழுங்கிவிட்டாளா என்று பார்த்துப் பார்த்துக் கொடுக்கச் சொன்னார். சிக்குப் பிடித்த தலையை ஒரு மத்தியானம் பொறுமையாகக் கோதி, பேன் எடுத்து, இரண்டு சடை பின்னிவிட்டார். தனக்கு வேலை முடிந்து வீட்டுக்குப் போகிற நேரத்தில் இதைச் செய்தார். பஸ் போய்விடுமே என்று நான் தயங்கித் தயங்கிச் சொன்னேன். “அடுத்த பஸ்ஸு இருக்குக்கா. புள்ளைக்கு இந்தத் தலையோட எப்பிடித் தூக்கம் வரும்?” என்றார்.

வாரம் முடிந்து எடுத்த எக்ஸ்ரேயை டாக்டர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். எலும்பு இறங்கிவிட்டது, மதுரைக்குப் போக வேண்டாம் என்றார். நர்ஸ் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். அத்தனை நாளில் வேலை நேரத்தில் அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். கொஞ்ச நேரம் இருந்துவிட்டு எழுந்து அடுத்த பிள்ளையிடம் போனார்.

பிறகு மாவுக்கட்டு. இடுப்பிலிருந்து கால் வரைக்கும் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தோம். எறும்பு ஏறாமல், ஈரம் படாமல் அவளைப் பார்த்துக்கொண்டது தனிக் கதை. ஆஸ்பத்திரியில் கட்டைப் பிரித்தபோது கால் சுள்ளி மாதிரி மெலிந்து, தோல் உரிந்து, பார்க்கவே சகிக்கவில்லை. நர்ஸ் டெய்லர் டேப்பை வைத்து இடுப்பு எலும்பிலிருந்து கணுக்கால் வரை இரண்டு காலையும் அளந்தார். இடது கால் துளி குறைவு. “வளர்ற புள்ள, முறிஞ்ச காலு கொஞ்சம் வேகமா வளரும், அதுவே எட்டிப் புடிச்சிரும்” என்றார். எங்களுக்கு அரை நம்பிக்கைதான். பிள்ளை எட்டு வைத்தால் விந்தி விந்தித்தான் வைத்தாள். என் தம்பி அவளைத் தூக்கி இடுப்பில் வைத்தான்.

“எறக்கி விடுங்க தம்பி. இது காலு கொறைஞ்ச நொண்டல் இல்ல. சதைக்குப் பலம் வரல, புள்ளைக்குப் பயமும் தீரல. தூக்கித் தூக்கி வச்சீகன்னா ரெண்டும் அப்பிடியே நின்னுரும்.”

இறக்கி விட்டான். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அழுதுகொண்டே நடந்தாள். நாங்களும் அவளுடைய நடைக்குத்தான் நடந்தோம். வீட்டிலும் அப்படித்தான். யாராவது தூக்கக் கை நீட்டினால் தாய்மாமனுக்குச் செய்தி போய்விடும் என்று எல்லாருக்கும் பயம்.

அடுத்த வருசம் திராட்சை அறுப்பு நடக்கும்போது கடைசியாகக் காட்டி வரப் போனோம். மாமனும் வந்தார். காலையிலிருந்தே அவர் பேச்சு முழுக்க அந்தத் துளி குறைவைப் பற்றித்தான். பஸ்ஸில் நான்கைந்து தடவை பிள்ளையின் இரண்டு முட்டியையும் சேர்த்து வைத்துப் பார்த்துவிட்டார். வார்டு வராந்தாவில் நர்ஸ் எதிரில் வந்தார். பிள்ளை அவரைக் கண்டதும் வெட்கப்பட்டு என் கையை உதறிக்கொண்டு, அந்த நீளமான வராந்தாவில் ஒரே ஓட்டமாக ஓடினாள்.

“சிஸ்டர், காலு... டேப்பு வச்சு அளந்து பாக்கலையா?” என்றார் மாமன்.

நர்ஸ் அவள் ஓடுகிற குதிகாலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“ஓடுற புள்ளய எப்பிடிண்ணே அளக்க? மொதல்ல புடிச்சுட்டு வாங்க.”

மாமன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார். அவரிடம் அவள் அகப்படவில்லை.